அவுரிச் சிப்பம் கப்பல் ஏறும் முன்: ஏற்றுமதிக்குப் புதியவர்களுக்கு

விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் கரிசலில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற அவுரிக்கு ஐரோப்பிய மருந்துச் சந்தையில் இன்றும் ‘தின்னவேலி சென்னா’ என்றுதான் பெயர். சாயத்துக்கு ஆகும் நீல அவுரி வேறு. இது நிலாவரை என்றும் சொல்லப்படும் பேதிமருந்துச் செடி. 1986-இல் மாவட்டம் பிரிந்து தூத்துக்குடி தனியாகப் போன பிறகும் உலகச் சந்தையில் அந்தப் பெயர் மாறவில்லை. ஆனால் சரக்குக்குத் தன் பெயரையே கொடுத்த சீமை அதன் விலையைச் சொல்வதில்லை. வளரும் நாடு ஒன்று பெரிய நாடுகளோடு செய்யும் வாணிபம் எப்படி நடக்கிறது என்பதை இந்த ஒரு செடியை வைத்தே சொல்லிவிடலாம். கருப்பட்டியோ, பத்தமடைப் பாயோ, தென்னை நார்ப் பொருளோ அனுப்ப நினைப்பவர்களுக்கும் படிகள் இவையேதான்.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். இலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிக் கிடங்கில் குவித்துவிட்டு, பிறகு ஆள் தேடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர் முதல் கேள்வியாக ஆய்வறிக்கை கேட்பார். அறிக்கை எடுத்தால் சரக்கு தேறாது. தேறாத சரக்கை உள்ளூரில் வந்த விலைக்குத் தள்ளுவதோடு அந்தத் தொழில் முடிந்துவிடும். ஆகவே இந்தக் கட்டுரை அக்கரைத் துறைமுகத்தில் தொடங்கி விளாத்திகுளம் களத்துக்குத் திரும்பி வருகிறது. நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள்.

முதலில் எண், பிறகு வரி

உங்கள் சரக்குக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் ஓர் எண். எச்.எஸ். குறியீடு என்பார்கள். மருந்துச் செடிகளின் தலைப்பு 1211. இந்தியப் பட்டியலில் அவுரி இலைக்கும் காய்க்கும் 8 இலக்க எண் 12119022. முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, அதற்குப் பிறகு வருவது நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே உங்கள் 8 இலக்கத்தை ஜெர்மனிக்காரரிடம் திணிக்காமல், அவர் தம் நாட்டில் எந்த எண்ணில் இறக்குவார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எண் கையில் வந்ததும் அந்த நாட்டுச் சுங்க இணையதளத்தில் இரண்டு வரியைப் பாருங்கள். எல்லா நாட்டுக்கும் பொதுவான வரி ஒன்று, இந்தியாவுக்கு மட்டும் உள்ள சலுகை வரி இன்னொன்று. கச்சாப் பொருளுக்கு வரி பெரும்பாலும் குறைவாகவோ இல்லாமலோ இருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். பணக்கார நாடுகளின் வரிப்பட்டியல் ஏணி மாதிரி. கரிசல் பருத்தியைக் கொண்டு விளக்கினால் சட்டென்று விளங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரி பஞ்சுக்கு 0, நூலுக்கு 4 விழுக்காடு, துணிக்கு 8, தைத்த சட்டைக்கு 12. நீங்கள் எவ்வளவு வேலை சேர்க்கிறீர்களோ அவ்வளவு வரி ஏறுகிறது. வங்காளதேசம் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் இருப்பதால் அதே சட்டையை வரியின்றி அங்கே இறக்கிவந்தது. இரண்டு நாட்டுத் தையல்காரரின் திறமையும் ஒன்றாக இருந்தாலும், விலையில் உள்ள வித்தியாசம் தையல் மிஷினில் பிறந்ததல்ல.

வரி நிலையானதும் அல்ல. அமெரிக்கா தன் பொதுச் சலுகைத் திட்டத்திலிருந்து இந்தியாவை 2019 ஜூன் 5-இல் நீக்கியது. 2025 ஆகஸ்ட் 7-இல் இந்தியச் சரக்குகள் பெரும்பாலானவற்றின் மேல் 25 விழுக்காடு கூடுதல் வரியும், 27-ஆம் தேதி இன்னொரு 25-உம் போட்டது. நடுக்கடலில் இருக்கும் சரக்குக்கு யார் பொறுப்பு என்ற சண்டை அப்போது ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வந்தது. 2024-25 நிதியாண்டில் இந்தியா விற்ற சுமார் 437 பில்லியன் டாலர் சரக்கில் ஏறக்குறைய 86.5 பில்லியன், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, அமெரிக்காவுக்கே போனது. ஒரே கடைக்காரருக்கு அவ்வளவு விற்றால் அவர் குரல் உயரத்தான் செய்யும். உங்கள் ஒப்பந்தத்தில், “கப்பல் ஏறிய பிறகு இறக்குமதி வரி உயர்ந்தால் அது வாங்குபவரைச் சேரும்” என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

வரியை விடப் பெரிய கதவு ஆய்வகம்

அவுரி இலைக்கு ஐரோப்பாவில் வரி ஒரு பிரச்சினையே அல்ல. கதவு வேறிடத்தில் பூட்டியிருக்கிறது. இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

பூச்சிமருந்து எச்சம் முதலில். ஒரு மருந்துக்குத் தனி வரம்பு குறிக்கப்படாவிட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பத்து டன் இலையில் மொத்தம் 0.1 கிராம், ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அவுரிக்கு நம் விவசாயி மருந்தே அடிப்பதில்லை என்பார், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். ஆனால் பக்கத்துப் புஞ்சையில் மிளகாய் நிற்கும், அதற்கு அப்பால் பருத்தி நிற்கும். அங்கே அடித்தது காற்றில் வந்து இந்த இலையில் உட்காரும். போதாததற்கு, இலை உலரும்போது தண்ணீர்தான் போகும், மருந்து போகாது. பச்சையில் தேறுகிற இலை உலர்ந்த பின் தோற்பது அதனால்தான். கொள்முதலுக்கு முன் புஞ்சையைச் சுற்றி நாலு பக்கமும் என்ன நிற்கிறது என்று பாருங்கள். மிளகாய்க்கு ஒட்டிய வரப்போர இலையைத் தனியாகப் பறித்து உள்ளூருக்கு விடச் சொல்லுங்கள்.

அடுத்தது களை. தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை போன்ற செடிகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற கல்லீரலைக் கெடுக்கும் பொருள் உண்டு. ஐரோப்பாவில் 2022 ஜூலை 1 முதல் மூலிகைத் தேநீர் வகைகள் பலவற்றுக்கும் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் வரம்பு நடப்பில் இருக்கிறது. ஒரு டன்னுக்கு 0.2 கிராம். பறிக்கும்போது கையோடு வந்துவிட்ட சில களைச்செடிகள் ஒரு முழுச் சிப்பத்தைக் கெடுக்கப் போதும். இதற்கு மருந்து கிடையாது, ஆலையில் சலித்தும் எடுக்க முடியாது. பறிப்புக்கு ஒரு வாரம் முன்பு களையெடுப்புக்கு ஆள்கூலி கொடுப்பது ஒன்றே வழி. அந்தக் கூலியை நீங்களே கொடுங்கள். விவசாயி தலையில் கட்டினால் அந்த வேலை நடக்காது.

மூன்றாவது நுண்ணுயிர். தரையில் கொட்டி உலர்த்தினால் மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் சேரும். தார்ப்பாய் அல்லது சிமெண்ட் களம், நிழல், மெல்லிய பரப்பு, தினம் இரண்டு முறை கிளறல் வேண்டும். ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்குக் கீழே வந்தபின் சிப்பம் கட்டுங்கள். பச்சை நிறம் மாறாமல் இருந்தால் விலை, மழை பட்டுக் கறுத்தால் பாதி. கிருமியைக் கொல்ல எத்திலீன் ஆக்சைடு வாயு பிடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஐரோப்பாவில் அதற்குத் தடை. 2020 செப்டம்பரில் பெல்ஜியத்தில் இந்திய எள்ளில் அது கண்டுபிடிக்கப்பட்டு, எள் சேர்ந்த ரொட்டி முதல் ஐஸ்கிரீம் வரை கடைகளிலிருந்து திரும்பின. வாயு பிடித்தவர்கள் சிலர், அடிவாங்கியது நாட்டின் எள் முழுதும்.

இவை போதாதென்று விதியே மாறும். 2021 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் அவுரி இலை, காய் ஆகியவற்றின் தயாரிப்புகளை உணவில் சேர்ப்பதைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. மருந்தாக விற்கத் தடையில்லை, உணவுச் சேர்க்கையாக விற்பதற்குத்தான் சந்தேகம். பிரஸ்ஸல்ஸில் ஒரு தாளில் போட்ட கையெழுத்து, புதூர்ப் பக்கம் அடுத்த ஐப்பசியில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைத் தொடுகிறது. ஆகவே உங்கள் வாங்குபவரிடம், “இலை மருந்துக் கம்பெனிக்குப் போகிறதா, தேநீர்ப் பைக்குப் போகிறதா?” என்று கேளுங்கள். வரம்பும் விலையும் அந்தப் பதிலைப் பொறுத்தவை. மருந்துக்குப் போவதானால், பேதியாக்கும் பொருளான சென்னோசைடு எத்தனை விழுக்காடு என்பதே பேச்சு. இளம் இலையில் கூடுதல், முற்றிப் பழுத்ததில் குறைவு.

மாதிரி எடுப்பதில் ஒரு சொல். மேல் சிப்பத்தில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து அனுப்புவது மாதிரி அல்ல. ஒவ்வொரு லாட்டிலும் பல சிப்பங்களின் நடுவிலிருந்து எடுத்துக் கலந்து, அதை மூன்று பங்காக்கி முத்திரை வையுங்கள். ஒன்று என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு, ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று உங்கள் அலமாரிக்கு.

ஒப்பந்தமும் பிறப்பிடமும்

இந்தியா பல நாடுகளோடு வரிச்சலுகை ஒப்பந்தம் வைத்திருக்கிறது. இலங்கையோடு 2000 முதல், தென் கொரியாவோடு 2010, ஜப்பானோடு 2011, ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே, ஆஸ்திரேலியாவோடு 2022 டிசம்பர், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு 2025 அக்டோபர். பெரிய ஆசியக் கூட்டான ஆர்.சி.இ.பி.யிலிருந்து 2019-இல் விலகியது. அதில் சேர்ந்த நாட்டுக்கு விற்கும்போது அதே கூட்டில் உள்ள வியட்நாம்காரரோடு நீங்கள் போட்டியிடுகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

சலுகை தானாக வராது. பிறப்பிடச் சான்று எடுத்து, அதன் அசலை வாங்குபவருக்கு அனுப்பினால்தான் அவருக்கு வரி குறையும். நம் மண்ணில் விளைந்த அவுரிக்கு இது சுலபம். தூத்துக்குடி முந்திரிக்குத்தான் சிக்கல். ஆப்பிரிக்காவிலிருந்து தோட்டோடு வரும் கொட்டை 080131, இங்கே உடைத்து எடுத்த பருப்பு 080132. முதல் 4 இலக்கம் மாற வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால் அந்தப் பருப்பு இந்தியப் பொருளாகத் தேறாது, 6 இலக்கம் மாறினால் போதும் என்றால் தேறும். ஒரே ஆலையின் ஒரே பருப்பு, ஒரு நாட்டுக்கு இந்தியப் பொருள், இன்னொரு நாட்டுக்கு அல்ல.

நம் பக்கத்துக் கதவும் எப்போதும் திறந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை 2023 ஜூலை 20-இல் தடுத்த மத்திய அரசு 2024 செப்டம்பரில்தான் திறந்தது. வெங்காயம் 2023 டிசம்பரிலிருந்து 2024 மே வரை நின்றது. உள்ளூரில் விலை ஏறினால் வாக்காளருக்குத்தான் முதல் பந்தி. உணவுப் பொருள் அனுப்புபவர்கள் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககமான டி.ஜி.எஃப்.டி.யின் அறிவிக்கைகளை வாரம் ஒரு முறையாவது பார்ப்பது நல்லது.

கப்பல்

தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கன்டெய்னர்களில் நிறைய, சிறு கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டதும் இதே கொழும்புத் தடத்தில்தான், எதிராளி அவரை அடித்ததும் கட்டணத்தைக் குறைத்துத்தான். இன்றைக்கும் சரக்குக் கட்டணம் உங்கள் கையில் இல்லை. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக, பயணம் பத்துப் பதினைந்து நாள் நீண்டது. இலைக்கு அது கூடுதல் ஈரம். பெட்டிக்குள் பகலில் எழும் ஆவி இரவில் கூரையில் வியர்த்துச் சொட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைக் கம்பிகளில் தொங்கவிட்டு, மேல் அடுக்கைக் கிராஃப்ட் தாளால் மூடுங்கள். கன்டெய்னருக்குள் நீங்கள் நின்று கதவைச் சாத்தச் சொல்லிப் பாருங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

அவுரி எடையில்லாத சரக்கு, பெட்டிக்குத்தான் கட்டணம். 40 அடி உயரப் பெட்டியின் உள்ளளவு சுமார் 76 கன மீட்டர், 20 அடிக்கு 33. கணக்குக்காக ஒரு பெட்டிக்கு 2400 டாலர் என்று வைப்போம். தளர்வாகக் கட்டி 10 டன் ஏற்றினால் கிலோவுக்கு 24 சென்ட், இயந்திரத்தில் அழுத்தி 16 டன் ஏற்றினால் 15 சென்ட். ஆனால் அதிகம் அழுத்தினால் இலை நொறுங்கித் தூளாகும், தூளுக்கு விலை குறைவு. முழு இலை வேண்டுமா, அரைக்கப் போகிறாரா என்று கேட்டபின் அழுத்தத்தை முடிவு செய்யுங்கள்.

டாலரும் வங்கியும்

விலைப்பட்டியல் டாலரிலோ யூரோவிலோ இருக்கும். ரூபாய் விழுந்தால் லாபம் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. வாங்குபவரும் செய்தித்தாள் படிக்கிறவர்தான், “உங்கள் ரூபாய் இறங்கிவிட்டதே, விலையையும் இறக்குங்கள்” என்பார். ஆகவே ரூபாய் சரிவை லாபமாக எழுதாதீர்கள். பெரிய தொகையென்றால் வங்கியில் ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டு மாற்று விகிதத்தைக் கட்டிவையுங்கள்.

முதல் வியாபாரத்துக்குக் கொஞ்சம் முன்பணமும், மீதிக்குத் திரும்பப் பெறமுடியாத எல்.சி.யும் கேளுங்கள். எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) என்பது பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தாளைப் பார்த்துக் கொடுக்கும் வாக்கு, சரக்கைப் பார்த்து அல்ல. ‘டுட்டிகோரின்’ என்று எல்.சி.யில் இருந்து, கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று வந்தால் கேள்வி வரும். எல்.சி.யில் ‘தின்னவேலி சென்னா’ என்றிருந்தால் இன்வாய்சிலும் அப்படியே எழுதுங்கள், ஊர்ப்பற்றில் திருநெல்வேலி என்று திருத்தாதீர்கள். எல்.சி. வேறு கெடு சொல்லாவிட்டால் ஏற்றிய 21 நாளுக்குள் தாள்களைக் கொடுக்க வேண்டும். வரைவு வந்தவுடனே, சரக்கு கட்டும் முன்பே, உங்கள் வங்கியில் ஒருவரை அருகில் உட்கார வைத்து வரி வரியாகப் படியுங்கள். செய்ய முடியாத நிபந்தனை இருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள்.

வாங்குபவர் நல்லவராக இருப்பது மட்டும் போதாது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. அங்குள்ள வியாபாரியிடம் ரூபாய் இருந்தது, நாட்டில் டாலர்தான் இல்லை. நாற்பது ஆண்டு பழக்கமும் அந்தப் பணத்தைக் கொண்டுவராது. இதற்குத்தான் மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீடு. வாங்குபவர் ஏமாற்றினாலும், அவர் நாடு பணம் அனுப்ப முடியாமல் போனாலும் இழப்பில் பெரும்பகுதி திரும்பும்.

நம் பக்கத்துத் தாள்கள்

இவற்றில் கடினம் ஒன்றுமில்லை. பான், நடப்புக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் டி.ஜி.எஃப்.டி. தளத்தில் 500 ரூபாய் கட்டி ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதி எண் எடுக்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் மாற்றமில்லாவிட்டாலும் உறுதி செய்ய வேண்டும். மறந்தால் எண் முடங்கும், அது தெரிவது சரக்கு துறைமுக வாசலில் நிற்கும்போதுதான். ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டும் புதுப்பியுங்கள். மூலிகைகளுக்கான ஏற்றுமதிக் கவுன்சில் ஷெஃபெக்சில், அங்கே உறுப்பினர் சான்று எடுங்கள். அன்னியச் செலாவணி கையாளும் உங்கள் வங்கிக் கிளையின் எண்ணான ஏ.டி. கோடைச் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பதிவு செய்யுங்கள்.

சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி மனுவான ஷிப்பிங் பில் போடும்போது, பொருளில் சேர்ந்த உள்நாட்டு வரிகளைத் திருப்பித் தரும் ரோடெப் சலுகை வேண்டும் என்று குறிக்கச் சொல்லுங்கள். கிளியரிங் ஏஜென்ட் அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று போட்டுவிட்டால் பிறகு வாங்குவது பெரும்பாடு. தூத்துக்குடி தாவரத் தடுப்புக்காப்பு நிலையத்தில், பூச்சியும் நோயும் இல்லை என்னும் ஃபைட்டோ சான்று, மரத்தட்டு வைத்தால் வெப்பமூட்டிய முத்திரை, பெட்டியின் மொத்த எடைக்கு வி.ஜி.எம். அறிக்கை ஆகியவையும் வேண்டும். காட்டில் பறித்ததல்ல, புஞ்சையில் விளைந்தது என்பதற்கு விவசாயியிடம் வாங்கிய ரசீதும் சர்வே எண்ணும் கோப்பில் இருக்கட்டும். கொள்முதலின்போதே எழுதி வாங்காவிட்டால் பிறகு யாரும் தேடிக் கொடுக்க மாட்டார்கள்.

விலை சொல்லும் நாள்

இப்போதுதான் விலை. களத்து விலை, களைக் கூலி, ஆய்வுக் கட்டணம், ஆய்வில் தோற்று உள்ளூருக்குப் போகும் பங்கு, அழுத்தும் கூலி, தூத்துக்குடிக்கு லாரி, ஏஜென்ட், துறைமுகச் செலவு எல்லாம் சேர்ந்து எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, அதாவது சரக்கு அங்கே கப்பல் ஏறும் வரைக்கான விலை. தோற்கும் பங்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பத்து டன்னில் இரண்டு டன் தேறாது என்றால், அந்த நஷ்டத்தை மீதி எட்டு டன்தான் சுமக்க வேண்டும். தொடக்கத்தில் சி.ஐ.எஃப். ஹாம்பர்க் என்று, கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்து விலை சொல்லாதீர்கள். கப்பல் கட்டணம் ஏறினால் அது உங்கள் தலையில் விழும்.

வாங்குபவர் சூடானிய விலையைக் காட்டிப் பேரம் பேசுவார். அலெக்சாண்டிரியா சென்னா என்ற பெயரில் அங்கிருந்தும் இலை வருகிறது. இலைக்கு இலை விலையைக் குறைத்துக்கொண்டே போனால் அந்தப் பேச்சில் நீங்கள் ஜெயிக்க முடியாது. எந்தப் புஞ்சை, எந்தத் தேதியில் பறித்தது, எந்த லாட், எந்த அறிக்கை என்று ஒவ்வொரு சிப்பத்தின் மேலும் ஒட்டிய சீட்டைக் காட்டுங்கள். மருந்துக் கம்பெனிக்கு வேண்டியது அதுதான், அதற்குக் கிலோவுக்குச் சில சென்ட் கூடுதலாகக் கேட்கலாம்.

முதல் முறை முழுப் பெட்டி வேண்டாம். இரண்டு டன்னைப் பிறர் சரக்கோடு பகிர்ந்த பெட்டியில் அனுப்புங்கள். ஆனால் பக்கத்தில் மிளகாய் வற்றலோ ரசாயனமோ ஏற்றக் கூடாது என்று ஏஜென்டிடம் எழுதி வாங்குங்கள், இலை வாசனையை இழுத்துக்கொள்ளும். அங்கே இறங்கியபின் அவர்கள் எடுக்கும் ஆய்வறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, உங்கள் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் அலமாரியில் இருக்கும் மூன்றாவது மாதிரியைத் திறக்க வேண்டிய நேரம் அது.